விரல்கறை படாத புத்தகம்

ஒரு புத்தகத்தைத் தையல் பிரித்துப் பாரம் பாரமாகத் தரையில் பரப்பிப் போட்டால், அதை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆழ்வார்திருநகரியில் புத்தகம் பைண்டிங் செய்தே வயிறு வளர்த்தவன் நான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டு, கடைக்காரர்களின் பேரேடு, பைபிள், குர்ஆன், கம்பராமாயணம் என்று எல்லாம் கைக்கு வந்திருக்கின்றன. எல்லாவற்றையும்விட அதிகம் தைத்தது நாலாயிர திவ்யப் பிரபந்தம். நம்மாழ்வார் பிறந்த ஊரில் வேறெப்படி இருக்கும்?

வருகிற பிரபந்தப் புத்தகங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் திருவாய்மொழிப் பக்கங்களின் கீழ்மூலை மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கருத்துப் போயிருக்கும். முதுகு உடைந்திருக்கும். ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கல், நடுவில் ஒரு பஸ் டிக்கெட், சருகாகிப் போன துளசி. மற்றதில் அட்டை முழுக்க மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கும். உள்ளே தாள் வெள்ளை வெளேரென்று இருக்கும். அப்படி வந்த ஒன்றில், முதலில் தைத்தவர் ஓரம் சரியாக வெட்டாததால் பதினாறு பக்கம் பிரியாமல் ஒட்டியபடியே கிடந்தது. அந்த வீட்டில் இரண்டு தலைமுறையாக அதற்குச் சூடம் காட்டியிருக்கிறார்கள். பக்கம் ஒட்டியிருப்பதை யாரும் பார்க்கவில்லை.

பூச்சி விழுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஜாதியில்தான். "சாமி மாதிரி வச்சிருந்தோமே, எப்படி ராமபாணம் வந்துச்சு?" என்று வருத்தப்படுவார்கள். ராமபாணத்துக்கு வேண்டியது இருட்டு, ஈரம், ஆள் தொந்தரவில்லாத இடம். பூஜை அலமாரியின் மேல்தட்டைவிட வசதியான வீடு அதற்கு எங்கே கிடைக்கும்? பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டினாலும் கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும். தினமும் விரித்து மூடுகிற புத்தகத்தில் பூச்சி குடியிருப்பதில்லை.

எய்யா, இதையெல்லாம் உனக்காகத்தான் எழுதுகிறேன். உன் வயதுப் பிள்ளைகள் வேறு யாராவது வாசித்தாலும் சரி.

வைகாசித் திருவிழாவுக்கு வந்திருந்தாயே, ஒன்பது கருடசேவை அன்று நடந்ததை மறந்திருக்க மாட்டாய். நவதிருப்பதிப் பெருமாள் ஒன்பது பேரும் கருடன் மேல் வருகிற நாள். ஊரே தெருவில் நிற்கிறது. முட்டுவலிக்காரி உன் அம்மா, "கூட்டமா இருக்கும், கொஞ்சம் துணைக்கு வாயேம்ப்பா" என்று கேட்டாள். நீ திண்ணையில் உட்கார்ந்தபடி அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை விரித்து, சாமி ஊர்வலங்களைப் பற்றி எந்தப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று வாசித்துக் காட்டினாய். அவள் கேட்டது துணை. நீ கொடுத்தது பக்க எண். அவள் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் போனாள்.

நீ சாமி கும்பிடாததில் எனக்கு வருத்தமில்லை. அது உன் பாடு. அந்தப் புத்தகமும் நல்ல புத்தகம்தான்; நீ தூங்கும்போது எடுத்து நானும் வாசித்தேன். எழுதி வைத்ததைக் கட்டிக்கொண்டு அழாதே, சொந்த மூளையால் யோசி என்றுதான் வரிக்கு வரி சொல்கிறது. அதைப் போய் நீ சாத்திரமாக்கி வைத்திருக்கிறாய். எதிர்வீட்டுத் தாத்தா "சாஸ்திரத்துல இப்படித்தான் இருக்கு" என்றால் உனக்குச் சிரிப்பு வருகிறது. "புத்தகத்துலயே போட்டிருக்கு தாத்தா" என்று நீ சொல்கிறபோது குரல் அச்சு அசலாக அவர் குரல்தான். அவருக்காவது கோஷ்டியில் கூட நாலு பேர் இருக்கிறார்கள்.

புத்தகத்தைத் தலையில் வைத்து ஆடுகிற கூட்டம் ஏதோ ஒரு மதத்துக்கோ கட்சிக்கோ மட்டும் சொந்தமில்லை. எல்லா அலமாரியிலிருந்தும் எனக்கு வேலை வந்திருக்கிறது. வேதத்தில் எல்லாம் இருக்கிறது என்பவர், வள்ளுவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பவர், மூலதனத்துக்கு மேல் ஒன்றுமில்லை என்பவர். முதல் பாரத்துக்கு மேல் விரல்கறை இருக்காது என்பதில் மூவரும் ஒற்றுமை.

இந்த ஊர் எதனால் ஊரானது என்று கொஞ்சம் யோசித்துப் பார். பின்னாளில் நம்மாழ்வாரான, காரியாருக்கும் உடையநங்கைக்கும் பிறந்த பிள்ளை அழவில்லை, பால் குடிக்கவில்லை, பேசவில்லை. கொண்டுபோய்க் கோயில் புளியமரத்தடியில் விட்டார்கள். 16 வருஷம் அங்கேயே இருந்தது என்பது கதை. அந்த மரத்தைத்தான் உறங்காப்புளி என்கிறோம். அந்தப் பிள்ளை குருகுலம் போகவில்லை, ஓர் ஏட்டையும் தொடவில்லை. பக்கத்துத் திருக்கோளூர்க்காரர் மதுரகவி வயதில் மூத்தவர், வேதம் படித்தவர். வடக்கே அயோத்தி வரை போனவர், தெற்கே ஏதோ ஒரு வெளிச்சம் தெரிகிறதென்று அதைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து இந்தப் புளியமரத்தடியில் நின்றார். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுப் பார்த்தாராம். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: உயிரில்லாத ஒன்றுக்குள் உயிர் வந்து சேர்ந்தால் அது எதைத் தின்னும், எங்கே கிடக்கும்? அந்தப் பிள்ளை முதன்முதலாக வாய் திறந்தது அதற்குப் பதில் சொல்லத்தான்.

நடந்ததா நடக்கவில்லையா என்று நீ கேட்பாய். நான் அதற்குள் போகவில்லை. இந்த ஊர்க்காரர்கள் எதைப் பெருமையாக நினைத்து இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள் என்று பார். ஊரெல்லாம் சுற்றி எல்லாம் படித்த பெரியவர், ஒன்றும் படிக்காத ஒரு வேளாளப் பிள்ளையிடம் வந்து கேள்வி கேட்டார். பிறகு அந்தப் பிள்ளை சொன்னதையெல்லாம் ஏட்டில் எழுதினார். இங்கே பேச்சு முந்தி, எழுத்து பிந்தி. எழுதியவர் மூத்தவர், சொன்னவர் இளையவர். அப்படி எழுதிய திருவாய்மொழிக்குத் திராவிட வேதம் என்று பெயர் வைத்து அதையும் பூஜை அறையில் ஏற்றியது பின்னால் வந்தவர்கள் கைங்கரியம்.

அதன் பிறகு நடந்ததாகச் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரபந்தம் வழக்கொழிந்து போய்விட்டது. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் என்ற வைணவ ஆசாரியர் இருக்கிறார். எங்கிருந்தோ வந்த சில வைணவர்கள் கும்பகோணத்து ஆராவமுதனைப் பற்றிய பதிகத்தைப் பாடுகிறார்கள். அதன் கடைசிப் பாட்டிலேயே ஆயிரத்தில் இது பத்து என்று கணக்கு வருகிறது. மீதி எங்கே என்று நாதமுனிகள் கேட்கிறார். எங்களுக்கு இவ்வளவுதான் தெரியும் என்கிறார்கள். அவர்களுக்குப் பக்தி குறைவென்று யாரும் சொல்ல முடியாது. இவர் முன்னால் பாடும்போதும் உருகித்தான் பாடியிருப்பார்கள். ஆனாலும் நாள் தவறாமல் வாயால் சொன்னவர்கள் காதில் விழாத கணக்கு, ஒரே தடவை கேட்டவர் காதில் விழுந்துவிட்டது.

அவர் புறப்பட்டு இந்த ஊருக்கு வந்தார். இங்கேயும் பாட்டு இல்லை. மதுரகவியின் சீடர் வழியில் வந்த பராங்குசதாசர் என்பவரிடம், மதுரகவி தன் ஆசாரியனைப் பற்றிப் பாடிய 11 பாட்டு மட்டும் இருந்தது. அதை நாதமுனிகள் புளியமரத்தடியில் உட்கார்ந்து 12,000 தடவை சொன்னார், ஆழ்வார் வந்து நாலாயிரத்தையும் கொடுத்தார் என்பது குருபரம்பரை. பார், அத்தனை ஆயிரம் தடவை திரும்பத் திரும்பச் சொன்னதும் இதே கதையில்தான் வருகிறது. ஆகவே மனப்பாடம் செய்கிறவனையெல்லாம் கிளிப்பிள்ளை என்று கேலி செய்யாதே. 1,330 குறளையும் முற்றோதல் செய்கிற பிள்ளைகளுக்கு அரசு பரிசு கொடுக்கிறது. கொடுக்கட்டும், நெஞ்சில் ஏறிய பாட்டு என்றைக்காவது ஒருநாள் தானாக விழித்துக்கொள்ளும். நாதமுனிகளிடம் உருப்போட்டதற்கு முன்னால் ஒரு கேள்வியும் ஒரு நெடுவழி நடையும் இருந்தன என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இதே தெருக்களில் இன்னொருவரும் ஏடு தேடி அலைந்திருக்கிறார். உ.வே.சாமிநாதையரைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாகப் படித்து மறந்திருப்பாய். பத்துப்பாட்டை அவர் 1889-ல் பதிப்பித்தார். அதற்குமுன் நல்ல மூலம் கிடைக்காமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். இங்கே அப்போது கவிராயர்கள் வீடு பல இருந்தன. இலட்சுமணக் கவிராயர் வீட்டில் இருந்த கட்டுகளையெல்லாம் அவிழ்த்துப் பார்த்தார். அவர் தேடியது இல்லை. மனம் வெதும்பி, வீதியில் எழுந்தருளிய நம்மாழ்வாரிடமே முறையிட்டதாக எழுதியிருக்கிறார். சைவ மடத்தில் தமிழ் படித்தவர், சமணக் காப்பியமான சிந்தாமணியை 1887-ல் அச்சிட்டவர், ஆழ்வார் முன்னால் நின்று பத்துப்பாட்டைக் கேட்கிறார். அவருடைய புத்தக பக்தி எந்தச் சாமிக்கும் கட்டுப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகுதான் கவிராயருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. தம் வீட்டு ஏடுகளில் சில மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டில் இருக்கின்றன. ஆனால் மாமனாருக்கும் மருமகனுக்கும் அப்போது மனக்கலப்பில்லை. நம்மூர்ப் பக்கம் இப்படி முகம் திருப்பிக்கொண்டால் சாவு வீட்டில்கூடச் சேரமாட்டார்கள், உனக்கே தெரியும். வந்த விருந்தாளிக்காகக் கவிராயர் அந்த வாசற்படி ஏறினார். சுவடி வந்தது. ஐயர் பிரித்தால், உள்ளே பத்துப்பாட்டு. இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டு அச்சுக்கு வந்ததில், ஒரு மருமகன் தன் ரோஷத்தை விட்டுக்கொடுத்ததற்கும் பங்கு உண்டு. புத்தகப் பதிப்புரைகளில் இதற்கு இடமிருப்பதில்லை. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதி வைத்தாரோ நாம் பிழைத்தோம்.

அதே புத்தகத்தில் இன்னும் இரண்டு ஏட்டுக்கதை இருக்கிறது, வாசித்தால் சோறு இறங்காது. நெல்லைப் பக்கத்தில் ஒரு வீட்டுக்காரர் சொல்கிறார்: வண்டிக்கணக்கில் ஏடு இருந்தது, ஆடிப் பதினெட்டில் சுவடியைத் தேர் போலக் கட்டித் தண்ணீரில் விடுவது சம்பிரதாயமென்று வீட்டுப் பெண்கள் சொன்னார்கள், அப்படியே வாய்க்காலில் விட்டுவிட்டேன். இன்னொன்று சங்கரன்கோவில் பக்கம், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில். பாண்டியர் மரபில் வந்த ஒருவர் சேர்த்த சுவடிகள் அங்கே இருந்தன. கேட்டு வந்தவரிடம் கோயில் அதிகாரி சொன்ன பதில்: பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாதென்று ஆகமத்தில் இருக்கிறதாம், நெய்யில் தோய்த்து ஹோமம் செய்ய வேண்டுமாம், இங்கேயும் அப்படித்தான் செய்தார்கள்.

பக்தி இல்லாதவன் செய்கிற வேலை இல்லை இது. பக்தி இல்லாதிருந்தால் ஏதோ ஒரு மூலையில் தூக்கிப் போட்டிருப்பான். ஒன்றிரண்டு கட்டாவது பிழைத்திருக்கும். இவர்கள் நெய் செலவழித்து, மந்திரம் சொல்லி, ஒவ்வொன்றாக எரித்தார்கள். ஏட்டைக் கும்பிடத் தெரிந்தவர்களில் ஒருவருக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறதென்று அவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

தொழில்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு ஊகம் உண்டு. பனையோலை நம் தட்பவெப்பத்தில் அப்படியொன்றும் நெடுநாள் தாங்காது. நைந்ததும் புது ஓலையில் பெயர்த்து எழுதியாக வேண்டும். எழுதி முடித்த பிறகு பழையதை மரியாதையாக ஆற்றிலோ தீயிலோ விடுவதாகத்தான் இந்தச் சடங்கு தொடங்கியிருக்கும். பெயர்த்து எழுதுவது உடம்பு நோகிற வேலை. அது நின்றுபோய், ஆற்றில் விடுகிற பாதி மட்டும் மிஞ்சியது. சடங்குகளில் சுலபமான பாதிதான் எப்போதும் பிழைக்கிறது.

வெறுப்பிலும் எரிப்பார்கள். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஏடுகளும் போயின. அதை எண்ணினால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எரித்தவர்களை நாம் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். கரிவலத்துக் கணக்கை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

புத்தகம் இல்லாமல் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவதும் உண்டு. தென்கலையார் கொண்டாடும் மணவாள மாமுனிகள் 1370-ல் பிறந்தது நம் ஊரில்தான். அவருடைய ஆசாரியர் திருவாய்மொழிப்பிள்ளை, காடாகிக் கிடந்த இந்த ஊரை வெட்டித் திருத்தி மறுபடி ஊராக்கியவர். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்த கோஷ்டி தொடங்குமுன் இந்த மாமுனிகளின் தனியனைச் சொல்வதா, தேசிகர் சம்பிரதாயத்துத் தனியனைச் சொல்வதா என்று வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் வழக்கு. நூறு வருஷத்துக்கு மேலாகக் கோர்ட் படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். தள்ளுமுள்ளு, கைகலப்பு என்று பத்திரிகையிலும் வந்துவிட்டது. அடியாருக்கு அடியார் என்று பாடிய ஆழ்வாரின் பாட்டைத் தொடங்க, முன்னுரையாக எந்தச் சுலோகம் என்பதற்கு நீதிபதி வேண்டியிருக்கிறது! இரண்டு பக்கமும் பாட்டு கரதலப்பாடமாகத் தெரிந்தவர்கள்தான். நாலாயிரத்தில் ஒரு எழுத்துப் பிசகாது.

இதற்கு நேர்மாறாக ஒரு கதை வைணவத்திலேயே இருக்கிறது. நஞ்சீயர் என்ற ஆசாரியர் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி என்ற உரையை எழுதி, நல்ல பிரதி எடுக்கும்படி வரதராஜன் என்ற இளைஞனிடம் கொடுத்தார். இருப்பது அந்த ஒரு படிதான். அவன் அதைத் தலையில் கட்டிக்கொண்டு காவிரியைக் கடக்கிறான். நடு ஆற்றில் வெள்ளம், ஏடு போய்விட்டது. ஆசிரியர் கையெழுத்துப் பிரதியைத் தொலைத்தவன் என்ன செய்வான்? அவன் கரையேறி, கேட்ட உரையையெல்லாம் நினைவிலிருந்து எழுதினான். தனக்குத் தோன்றிய விசேஷ அர்த்தங்களையும் ஆங்காங்கே சேர்த்தான். வாசித்த நஞ்சீயருக்குத் தான் எழுதாதது இருப்பது தெரிந்துவிட்டது. விசாரித்தார், உண்மை வெளியே வந்தது. கோபப்படாமல் கட்டிக்கொண்டு "நம் பிள்ளை" என்றார். நம்பிள்ளை என்றே பிற்பாடு உலகம் அழைத்தது. முப்பத்தாறாயிரப்படி என்கிற பெரிய ஈடு, அவர் சொன்ன காலட்சேபத்தைக் கேட்டு வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதியதுதான்.

எழுத்தைத் திருத்தியவனைத் தள்ளிவைக்காமல் பெயர் கொடுத்துக் கொண்டாடிய ஆசிரியரும் நம்மிடையே இருந்திருக்கிறார் என்று காட்டத்தான் இதைச் சொன்னேன். எல்லாப் பழசும் கண்ணை மூடச் சொல்லவில்லை.

நம்பிள்ளைக்குக் காவிரி என்றால் நமக்குத் தாமிரபரணி: 2023 டிசம்பரில் அது ஊருக்குள் வந்தது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலே மாட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஊர்க்காரர்கள் என்னிடம் புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். எடுத்தவுடன் வெயிலில் போடாதே என்றுதான் எல்லாரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. வெயிலில் தாள் முறுகி அலையலையாகச் சுருண்டுவிடும். பத்துப் பக்கத்துக்கு ஒரு தினத்தாள் செருகி, ஃபேன் காற்றில் நிறுத்தி வைத்து, செருகிய தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மட்டமான நியூஸ்பிரிண்ட் எப்படியோ பிழைத்தது. பளபளவென்று ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட, கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிற விலையுயர்ந்த பதிப்புகள் ஒரே பாளமாக ஒட்டிக்கொண்டன. கத்தி போட்டாலும் பிரியவில்லை.

ஒரு அம்மாள் நனைந்த ராமாயணம் ஒன்றைக் கொடுத்து, "இது உருப்படுமா?" என்றாள். முடியாது என்றேன். "குப்பையில போட மனசு வரல, அதான்" என்று சொல்லிவிட்டு நின்றாள். வாசிப்பீர்களா என்று கேட்டேன். தனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், மாமியார் சாயங்காலத்தில் வாசிப்பார், தான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பது வழக்கம் என்றாள். எந்தக் கட்டம் பிடிக்கும் என்று கேட்டதற்கு, வாலி சாகிறபோது ராமனைக் கேட்கிற கேள்விகளை வரிசையாகச் சொன்னாள். மாமியார் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "ராமன் இதுக்குச் சரியா பதில் சொல்லலடி" என்பாராம். பக்தியில் ஊறிய கிழவிதான். மறுநாள் அதே புத்தகத்துக்குப் பூ வைத்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குவாளாம். எய்யா, அந்தக் கிழவியின் பக்கத்தில் உட்காரத் தகுதியுள்ள வாசகர்கள் எத்தனை பேரை நீ பார்த்திருக்கிறாய்? நான் அதிகம் பார்த்ததில்லை.

நம் ஆறு கடலில் கலக்கிற புன்னைக்காயலில் ஹென்றிக்கஸ் பாதிரியார் இருந்தார் என்று கேள்விப்பட்டிருப்பாய். போர்த்துக்கல் நாட்டுக்காரர். முத்துக்குளித்துறைப் பரதவர்களோடு ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்து, அவர்கள் வாயிலிருந்தே தமிழ் கற்றார். 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்'தான் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் கடலில் மூழ்கி முத்தெடுத்த இந்தக் கரைக்காரர்கள். மொத்தம் 16 பக்கம். எங்கள் கணக்கில் ஒரே பாரம்; ஒரு தையலில் முடிந்துவிடும். கோயிலும் தேவாலயமும் எத்தனை தூரமோ, ஆனால் நம்மாழ்வார் மரத்தடியில் நடந்ததும் இதுவும் ஒரே ஆற்றங்கரையில்தான் நடந்தன: முதலில் ஒருவர் பேச இன்னொருவர் காது கொடுத்தார், அப்புறம்தான் எழுத்து வந்தது.

திருக்கோளூர்ப் பெண்பிள்ளையை விட்டுவிட்டேன். ராமானுஜர் திருக்கோளூருக்குள் நுழைகிறார். ஒரு பெண் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு வெளியேறுகிறாள். எல்லாரும் தேடி வருகிற ஊரைவிட்டு நீ ஏன் போகிறாய் என்று கேட்கிறார். இன்னார் போல நான் இன்ன காரியம் செய்தேனா என்று அவள் 81 பேரை எண்ணிச் சொல்கிறாள். அக்ரூரர், விதுரர், அனுமன், நம் மதுரகவி எல்லாரும் அதில் வருகிறார்கள். பேரறிஞரான ராமானுஜர் வாயடைத்து நின்று, அவள் வீட்டுக்குப் போய் அவள் சமைத்ததைச் சாப்பிட்டார் என்று முடிகிறது கதை. அவள் இதிகாசம் முழுவதும் தெரிந்தவள் என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிகிறது. அப்படியும் எந்த நூலில் எத்தனையாம் சருக்கம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் அழைத்து வந்தார், அவர் வீட்டைத் திறந்து வைத்தார், இன்னொருவர் கண்டு வந்து சொன்னார், நான் என்ன செய்தேன் என்பதுதான் அவள் கேள்வி. அந்த 81-ஐயும் புத்தகமாகப் போட்டு, உரை எழுதி, இப்போது பைண்டிங்குக்கு என்னிடமே கொண்டுவருகிறார்கள். பரவாயில்லை, கூலி கிடைக்கிறது.

ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள். புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கத்தை நான் விடவில்லை, நீயும் விடாதே. சரஸ்வதி பூஜைக்கு அடுக்கி வைத்த பாடப்புத்தகத்தை அன்று தொடக்கூடாது என்பதில் உனக்குச் சின்ன வயதில் எவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு மறக்கவில்லை. அது ஒரு நாள் கூத்து. வருஷம் முழுக்கப் பூஜையில் வைத்திருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். இப்போது இன்னொரு பழக்கமும் பார்க்கிறேன்: புத்தகக் கண்காட்சியில் பை நிறைய வாங்கி, அடுக்கி, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். மஞ்சள் குங்குமம் இல்லாத பூஜை அலமாரி. ராமபாணத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

உன் சிவப்பு அட்டைப் புத்தகத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. 40-ஆம் பக்கம் வரை அடிக்கோடு. ஒரு வரி விடாமல் அடிக்கோடு. அதற்கப்புறம் தாள் வெள்ளை. அடிக்கோடு போட்ட இடங்களில்கூட ஒரு கேள்விக்குறி இல்லை. அதன் ஆசிரியர் உயிரோடிருந்தால் உன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

மலிவான பெர்ஃபெக்ட் பைண்டிங், பசை விட்டுப்போய்ப் பக்கம் உதிரத் தொடங்கிவிட்டது. தீபாவளிக்கு வரும்போது கொண்டுவா. அந்தக் காலத்தில் வக்கீல்களும் தமிழ் வாத்தியார்களும் தங்கள் புத்தகத்தை எங்களிடம் கொடுத்து, ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத்தாள் வைத்துத் தைக்கச் சொல்வார்கள், எதிரே குறிப்பு எழுத. அப்படித் தைத்துத் தருகிறேன். புத்தகம் இரண்டு மடங்கு தடிக்கும், தூக்கிக்கொண்டு திரிய முடியாது. அதனாலென்ன, காலிகோ போட்டு உறுதியாகக் கட்டுகிறேன், கூலி வேண்டாம். சாமி ஊர்வலத்தைப் பற்றிச் சொல்கிற பக்கத்துக்கு எதிரே இருக்கிற வெள்ளைத்தாளை நீ எழுதாதே. உன் அம்மாவிடம் பேனாவைக் கொடு.